ஊவாக் காற்றும் எங்க வீட்டுத் தேத்தண்ணியும்

கம்பஸில் கூடப் படிக்கிற யாழ்ப்பாண நண்பர்கள் எங்களிடம் வழக்கமாகக் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. "உங்கட ஊரில வருசம் முழுக்கக் குளிர்தானே, உங்களுக்கெல்லாம் கோடை எண்டு ஒண்டு இருக்கோ?"

இருக்கிறது. மலையகம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நுவரெலியாதான். ஆனால் நாங்கள் நாலு பேரும் மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம், பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். எங்கள் பக்கத்துக் காலநிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். முகட்டைத் தாண்டி ஊவாவுக்கு வரும்போது அது வெறும் காற்று. கிழக்கு மாகாணத்தில் இதைத்தான் கச்சான் காற்று என்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை லயத்துத் தகரம் இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். மானாப்புல் காய்ந்து மஞ்சளாகும். பீலியில் தண்ணீர் விரல் தண்டிக்கு வந்துவிடும். எங்களுக்குக் கோடை என்றால் அதுதான்.

அந்தக் கோடையில்தான் ஒகஸ்ட் விடுமுறையும் வரும். கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற அண்ணன்மார் இரவு ரயிலில் நின்றுகொண்டே வந்து விடியக்காலை பதுளையில் இறங்குவார்கள். ரயில் பாதை பதுளையைத் தொட்டது 1924 இல். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. 'கடைசி ஸ்டேஷன்' என்று சின்ன வயதில் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இப்போது எல்ல, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்று வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் முன்பதிவு ஆசனம் கிடைப்பதே பாடு. ஆனாலும் வந்துவிடுவார்கள். வந்ததும் முதல் வேலை, இஸ்தோப்பில் பேக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பதுதான்.

அங்கே ரொட்டிக்கல் சூடாகிக்கொண்டிருக்கும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டு, உப்புப் போட்டு, கையால் தட்டின ரொட்டி. அம்மியில் அரைத்த கொச்சிக்காய்ச் சம்பல். இருந்தால் நெத்தலிக் கருவாடு. 2022 இல் மாவு விலை ஏறினபோது இந்த ரொட்டி எவ்வளவு மெலிந்துபோனது என்று எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தட்டுவதற்கு மாவு போதாமல் அப்பாயி மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிசைந்து அதோடு சேர்த்தார். அதுவும் நல்லாத்தான் இருந்தது என்று இப்போது சொல்கிறோம். அன்றைக்குச் சொல்லவில்லை.

வெலிமடைப் பக்கம் வயல்களில் உருளைக்கிழங்கு கிண்டுகிற காலமும் இதுதான். யாராவது ஒரு பை கொண்டு வந்தால் பொழுது சாய்ந்ததும் அடுப்புத் தணலில் போட்டுச் சுடுவோம். தோல் கருகி வெடிக்கும்போது எடுத்து, ஊதி ஊதி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பது. பகலில் கொய்யா. மத்தியானம் ஓயாவில் குளியல். ஒன்றுக்கும் பெரிய காசு வேண்டாம். எளிய சந்தோசம் என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் எழுதுவார்கள். நாங்களும் இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு அழகான பதிவாக முடிந்திருக்கும்.

ஆனால் இந்தப் படத்தில் ஒரு ஆள் குறைகிறார். மத்தியானம் எல்லோரும் ஓயாவில் இருக்கும்போது அம்மா எங்கே?

அம்மா மலையில். கொழுந்து எடுக்கிறார்.

இங்கே கொஞ்சம் தேயிலைப் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலையின் புகழுக்கே காரணம். காற்றிலும் வெயிலிலும் வாடுகிற செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். அந்த வாட்டத்தில்தான் கொழுந்துக்குள் ஒரு தனி வாசம் கூடுகிறது. ஜப்பானில் டார்ஜிலிங், சீனாவின் கீமன், ஊவா மூன்றையும் உலகின் மூன்று பெரிய கறுப்புத் தேயிலைகள் என்று வரிசைப்படுத்துவார்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே ஊவா சீசன் என்றால் வாங்குகிறவர்கள் காத்திருப்பார்கள்.

அதே சீசனில்தான் மலையில் கொழுந்து குறைகிறது. செடி மெதுவாகத் துளிர்க்கிறது என்றால் கூடையும் மெதுவாகத்தான் நிறையும். ஆனால் எங்கள் தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவை அதற்கேற்பக் குறைப்பதில்லை. கிலோ சேராவிட்டால் அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம். 2021 இல் 1000 ரூபாய் என்றார்கள், 2024 இல் 1350 என்று வர்த்தமானியில் போட்டார்கள். இரண்டு முறையும் தொலைக்காட்சியில் பெரிய செய்தி. ஒகஸ்ட் மாதம் அரைப்பேர் விழுந்த வீட்டில் அந்தச் சம்பளம் பாதியாகிவிடுகிறது. அது செய்தியில் வராது. விட்டதைப் பிடிக்க அம்மா ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போவார். அப்புறம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது எப்போது? எந்த வாசத்துக்காக வெளியில் கூடுதல் விலை கொடுக்கிறார்களோ, அந்த வாசத்தைக் கொடுக்கிற வெயில்தான் எங்கள் வீட்டில் சம்பளத்தைப் பாதியாக்குகிறது.

போன வருசம் எங்களில் ஒருத்திக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு பேசுகிறோமே, இந்த ஊவா சீசன் தேயிலையை நம்ம வீட்டில் யாராவது குடித்திருக்கிறார்களா? இல்லை. வீட்டுக்கு வருவது சம்பளத்துண்டில் கழித்துக்கொண்டு கொடுக்கிற தேத்தூள். நாலு பேரும் காசு சேர்த்து, பண்டாரவளையில் சுற்றுலாப் பயணிகள் வாங்குகிற ஒரு கடையில் சின்னப் பக்கெட் ஒன்று வாங்கினோம். எங்களைப் பார்த்த கடைக்காரப் பையன் முதலில் விலையைத்தான் சொன்னான்.

அவள் வீட்டில், இஸ்தோப்பில் வைத்துச் சாயம் ஊற்றினோம். பால் இல்லை, சீனி இல்லை. இருபத்தேழு வருசமாகக் கொழுந்து எடுக்கிற அவளுடைய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"என்னாடி இது, முட்டிக்குப் பூசுற தைலம் மாதிரி மணக்குது!"

எல்லோரும் சிரித்தோம். பிறகு தேடிப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மா சொன்னது சரி. ஊவா வாசத்துக்குக் காரணமான முக்கியமான பொருள் மெத்தில் சாலிசிலேட். வலித்தைலங்களிலும் அதேதான் இருக்கிறது. தேயிலை சுவைப்பதற்கென்று சம்பளம் வாங்குகிற நிபுணர்கள் சொல்கிற விசயத்தை, மலை ஏறி இறங்கித் தேய்ந்த முட்டியை வைத்து அம்மா ஒரே வாயில் சொல்லிவிட்டார். அவர் அதற்கு முன்னால் அதைக் குடித்ததில்லை, அவ்வளவுதான்.

1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னத் தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்பதுதான் அவருடைய வியாபாரத்தின் பெருமை. லண்டன் கோப்பைக்கு அது நேரேதான் போனது. லயத்துக் கோப்பைக்கு நூற்று முப்பது வருசம் தாண்டியும் வந்து சேரவில்லை.

இதை எழுதப் போகிறோம் என்றபோது ஒரு தோழர் கேட்டார்: "காணி இல்லை, வீடு இல்லை, நீங்க ரொட்டியையும் தேத்தண்ணியையும் பத்தி எழுதப் போறீங்களா?" நியாயமான கேள்விதான். காணியும் வீடும் முதலில் வர வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மலையக மக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கஷ்டத்தை மட்டுமே பேசி, அவர்களுக்குச் சந்தோசம் என்று ஒன்று தேவையே இல்லாதது போல ஆக்கிவிட்டோமோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், எல்லவுக்கு வந்து லயத்தைப் படம் பிடித்துவிட்டு 'எவ்வளவு எளிமையான, மகிழ்ச்சியான மக்கள்' என்று போடுகிறவர்கள். இரண்டுமே அம்மாவுக்குப் பொருந்தவில்லை.

எங்கள் கருத்து இதுதான். எளிய சந்தோசம் சும்மா கிடைப்பதில்லை. சுட்ட கிழங்குக்குக் காசு வேண்டாம், சரி. ஆனால் அதைச் சேர்ந்து தின்ன நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது அதைக் கொடுப்பது அம்மாக்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று விசயம். ஒன்று, வறண்ட மாதங்களில் மலையில் கொழுந்து குறையும்போது எடுக்க வேண்டிய கிலோவையும் குறைக்க வேண்டும். வெயிலுக்கு அரைப்பேர் போடக்கூடாது. இரண்டு, பிள்ளைகள் வீட்டில் இருக்கிற ஒகஸ்ட் விடுமுறையில் ஒரு சில நாளாவது சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். மூன்றாவது சின்ன விசயம், சிரிக்க வேண்டாம். சீசன் தேயிலையில் வீட்டுக்கு ஒரு பக்கெட். சம்பளத்துண்டில் கழிக்காமல்.

சங்கங்களுக்கு இந்த மூன்றாவது கோரிக்கை விளையாட்டாகப் படலாம். சம்பளப் பேச்சுவார்த்தையில் இதை வைத்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் சிரிக்கலாம். சிரிக்கட்டும். தன் கையால் எடுத்தது எப்படி ருசிக்கும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு பக்கெட்டைவிடப் பெரியது.

அந்தப் பக்கெட்டில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. அம்மா அதை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். இந்த ஒகஸ்டுக்கு அண்ணன் வரும்போது ஊற்றலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊற்றலாமா என்று கேட்டோம்.

"கைக்காசு இல்லாட்டிப் பார்ப்போம்" என்றார்.