செத்தவளின் கோட்டும் விமர்சகர்களின் கைத்தட்டலும்

பேய்க்கதை பார்த்துச் சிரிக்கலாம். தப்பில்லை. யார் செத்தால் சிரிக்கிறோம், யார் செத்தால் அழுகிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்து ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர்களில் பெரும்பாலோர் இந்தச் சின்ன விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

தொடரின் பெயர் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்'. 1997 மார்ச் முதல் 2003 மே வரை 7 பருவங்கள், 144 பகுதிகள். கலிபோர்னியாவில் நரகத்தின் வாய்மேல் கட்டிய சன்னிடேல் என்ற கற்பனை ஊர். அங்கே பள்ளியில் படிக்கிற பொன்முடிப் பெண் பஃபி, ரத்தக்காட்டேரிகளைக் கொல்வதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவள். (வேறு சொல் இல்லாததால் காட்டேரி என்கிறேன். நம்ம காட்டேரி படையல் வாங்குகிற சாமி. அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.) திகிலும் நையாண்டியும் சரிபாதி.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பேய்ப்படத்தில் முதலில் சாகிற பொன்முடிக்காரி இங்கே பேயைத் திருப்பி அடிக்கிறாள், இது பெண்ணியம் என்றார்கள். பாதிக்கு மேல் வசனமே இல்லாத 'ஹஷ்' (1999) பகுதி எழுத்துக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரையானது. 2001ல் இந்தத் தொடரை ஆராயவே 'ஸ்லேயேஜ்' என்று ஓர் ஆய்விதழ் தொடங்கினார்கள். அவர்கள் ஓயாமல் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு: உருவகம். இங்கே பேய் வெறும் பேயில்லை, வளர்கிற வயசின் பயங்களுக்கு உருவகமாம்.

யாருடைய பயம்? யாருக்கு உருவகம்?

எம்.ஏ. தமிழ் படித்தபோது எனக்கும் நயம் பாராட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சங்கப்பாட்டில் துணி வெளுக்கிற புலைத்தி உவமைக்குள் வருவாள், போவாள். உவமை அழகு என்று எழுதினால் மதிப்பெண். அவள் கை கஞ்சியில் ஊறியதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உவமைக்கு உழைக்கிற உடம்பு ஒன்று, அதனால் அழகு பெறுகிற வாழ்க்கை வேறொன்று. பஃபி தொடரிலும் இதே கணக்குதான்.

கெண்ட்ரா என்று ஒரு ஜமைக்காக் கறுப்புப் பெண் 1997 நவம்பரில் வருகிறாள். அவளும் காட்டேரிக்கொல்லிதான். சின்னக் குழந்தையிலேயே பெற்றோரை விட்டுப் பிரிக்கப்பட்டவள். தோழி கிடையாது. போட்டுக்கொள்ளச் சட்டை ஒன்றே ஒன்று. அதையும் சிரிப்பாக்கினார்கள். 3 பகுதிகளில் தலைகாட்டி, 1998 மேயில் கழுத்தறுபட்டுச் சாகிறாள். அவள் தாய் தகப்பனுக்குச் சேதி போனதா என்று கதை காட்டவில்லை. அவள் இடத்துக்கு வந்த ஃபெயித் வெள்ளைக்காரி. அவளுக்குப் பருவக்கணக்கில் கதை கிடைத்தது.

1999 நவம்பரில் வந்த 'பாங்ஸ்' பகுதி. வெள்ளையரின் நன்றிநாள் விருந்து. தோண்டிய மண்ணிலிருந்து சுமாஷ் பழங்குடி வீரன் ஒருவனின் ஆவி கிளம்பி நியாயம் கேட்கிறது. சுமாஷ் மக்கள் கற்பனையில்லை; கலிபோர்னியக் கடற்கரையின் மண்ணுக்குரியவர்கள், இன்றும் வாழ்கிறவர்கள். குடியேறிகள் கொண்டுவந்த நோய்களில் கொத்துக்கொத்தாகச் செத்தவர்கள். தொடரில் அந்த ஆவி வெள்ளைப் பையனுக்கு நோய் கொடுக்கிறது, அது நகைச்சுவை! ஜெயித்தவன் ஜெயித்தவன்தான், எதற்கு வருத்தப்படுகிறாய் என்று ஒரு காட்டேரி உபதேசிக்கிறது. கடைசியில் அந்த வீரனை அவன் கத்தியாலேயே குத்தி இன்னொரு தரம் கொன்றுவிட்டு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

2000 மேயில் வந்த 'ரெஸ்ட்லெஸ்' பகுதியில் ஆதிக் காட்டேரிக்கொல்லி வருகிறாள். கறுப்புப் பெண். அவள் சார்பில் பேச முதலில் ஒரு வெள்ளைப் பெண் தேவைப்படுகிறாள். பஃபியோ அந்த ஆதித்தாயின் தலைமுடியைக் கிண்டல் செய்கிறாள். சொத்து அவளிடமிருந்து வந்தது, கிண்டலும் அவளுக்கே.

இப்போது கோட்டுக்கு வருவோம். ஸ்பைக் என்ற காட்டேரி 1997லிருந்து நீளமான கறுப்புத் தோல் கோட்டில் திரிகிறான். ரசிகர்கள் அந்தக் கோட்டில் மயங்கினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று 2000ல்தான் தொடர் சொன்னது. 1977ல் நியூயார்க் சுரங்க ரயிலில் நிக்கி வுட் என்ற கறுப்புக் காட்டேரிக்கொல்லியைக் கழுத்தை முறித்துக் கொன்று, பிணத்திலிருந்து உருவிய கோட்டு அது. 2003ல் நிக்கியின் மகன் ராபின் வுட் வளர்ந்து வந்து கணக்குக் கேட்கிறான். அவனை அடித்துப்போட்டுவிட்டு, உன் அம்மாவுக்கு உன்மேல் பாசமில்லை என்கிறான் ஸ்பைக். பெண் விடுதலையின் சின்னமான பஃபி என்ன செய்தாள்? இன்னொரு தரம் முயன்றால் ஸ்பைக் உன்னைக் கொல்வான், நான் தடுக்க மாட்டேன் என்று மகனைத்தான் எச்சரித்தாள். கோட்டு ஸ்பைக்கிடமே இருந்தது.

கொலைகாரன் ஆன்மாவைத் திரும்பப் பெற்ற கதையை மீட்சி என்று பாராட்டினார்கள். ஏன்யா, ஆன்மா வந்தவனுக்குக் கோட்டைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லையா? மன்னிக்கும் உரிமை செத்தவளுடையது, அவள் மகனுடையது. பார்த்து ரசித்தவனுக்கு அதில் என்ன பாத்தியதை?

தொடருக்கு இதெல்லாம் தெரியும், அது தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது என்பார்கள். உண்மைதான். 1998ல் வந்த மிஸ்டர் ட்ரிக் என்ற கறுப்புக் காட்டேரி, இந்த ஊரில் கறுப்பர்களைக் காணோமே என்று கேலி பேசுகிறது. அதையும் கொஞ்ச நாளில் கொன்றுவிட்டார்கள். தெரிந்தே செய்தால் அது விமர்சனமாகிவிடுமா? ஆண்டைக்கும்தான் தெரியும்.

யாருமே கேட்கவில்லையா? கேட்டார்கள். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே 2000ல் கென்ட் ஓனோ அதன் இனப்பார்வையைக் கட்டுடைத்து எழுதினார். 2002ல் லின் எட்வர்ட்ஸ் கெண்ட்ராவைப் பற்றி எழுதினார். ஆனால் இந்தக் கேள்விகளுக்குத் தொகுப்பில் ஓர் அத்தியாயம். கொண்டாட்டத்துக்கு முழு வீடு. ஊருக்கு வெளியே சேரி மாதிரி. 2021ல் நடிகை கரிஸ்மா கார்பென்டர், தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் தன்னைக் கொடுமைப்படுத்தியதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். கொண்டாடியவர்கள் அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சி நியாயமானது. ஆனால் பேச்சு பெரும்பாலும் அந்த மனிதனின் யோக்கியதையைப் பற்றியே ஓடியது. கதைக்குள் கிடக்கிற பிணங்கள் அதற்கு முன்னும் திரையிலேதான் கிடந்தன.

அமெரிக்கப் பேயைப் பற்றி உனக்கென்னய்யா என்று கேட்கலாம். 1972ல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் பாந்தர் என்று பெயர் வைத்தது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அவர்கள் பிள்ளைகளைத் திரையில் கொன்று சிரித்தால் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. இன்னொரு காரணம், நயம் பாராட்டுகிற அந்தப் பழக்கம் நம் மாணவர்களையும் பிடித்துக்கொள்ளும்.

காட்டேரி விஷயத்துக்கு வருகிறேன். அநியாயமாகச் செத்தவர்களை நம் சனங்கள் இரண்டாம் தரம் கொல்வதில்லை. மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். அவன் சாமியாக எழுந்து நின்றான். கொன்ற ஊரே படையல் வைத்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. செத்தவன் கேள்வி கேட்பான், கேட்டால் இருப்பவன் பதில் சொல்லியாக வேண்டும். நம் பேய்க்கதையின் அறம் இதுதான். பஃபியின் கதையில் செத்தவன் கேட்டால் விருந்து கெட்டுப்போகிறது. அதனால் மறுபடி குத்துகிறார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தத் தொடரையாவது உருவகம், நவீனம், பெண்ணியம் என்று யாராவது தூக்கி வைத்தால் முதலில் பிணங்களை எண்ணுங்கள். யார் யார் பெயரில்லாமல் செத்தார்கள், அவர்கள் பொருள் இப்போது யார் உடம்பில் கிடக்கிறது என்று பாருங்கள். நிக்கி வுட்டின் கோட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதை முதல் பக்கத்தில் கேட்காத விமர்சனம், எத்தனை தத்துவம் பேசினாலும் கொன்றவன் பக்கத்து விமர்சனமே.