மின்சிக்கனமும் சில தப்பெண்ணங்களும்

பருத்தித்துறை மக்களுக்குச் சிக்கனத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 இல் மீண்டும் மூண்ட யுத்தத்தோடு யாழ். குடாநாடு தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட பின்னர், ஜாம் போத்தல் விளக்கில் துளித் துளியாக மண்ணெண்ணெய் ஊற்றிப் பரீட்சைக்குப் படித்த தலைமுறை இங்குள்ளது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் குப்பி விளக்கே துணையாயிற்று.

அன்று எரிபொருளைச் சேமிப்பதென்றால் விளக்கை அணைப்பதுதான். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால் வீட்டின் கணக்கு மாறிவிட்டது. 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழை இரவில் ஐந்து மணி நேரம் எரித்தால் மாதமொன்றுக்கு ஒன்றரை அலகுகூடச் செலவாகாது. 1500 வாற்று மின்கேத்தலை நாளொன்றுக்கு இருபது நிமிடங்கள் பாவித்தாலோ மாதத்தில் 15 அலகுகள் கரைந்துவிடும். படிக்கும் பிள்ளையின் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, தேநீருக்கு நான்கு தடவை கேத்தல் நிறைய நீர் கொதிக்க வைக்கும் வீடுகள் எத்தனை! கண்ணுக்குத் தெரிவது வெளிச்சம் என்பதால் பழி அதன் மீதே விழுகிறது. சூடாக்கும் சாதனங்களே மின்சாரத்தை விழுங்குகின்றன.

2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டபோது இந்தத் தப்பெண்ணங்களின் விலையும் ஏறியது. பின்னர் 2025 ஜனவரியில் கட்டணம் குறைக்கப்பட்டு, ஜூனில் மீண்டும் கூட்டப்பட்டது. எனினும் வீட்டுப் பாவனைக்கு 60 அலகு என்ற எல்லைக்கோடு நிலைத்தே வந்துள்ளது. அதற்கு மேற்பட்ட அலகுகளுக்கு மட்டுமே கூடிய வீதம் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறில்லை. அந்த எல்லையைக் கடந்தால் முதல் அலகிலிருந்தே உயர்ந்த வீதம் அறவிடப்படுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. ஓரிரு அலகுகள் ஓர் ஏழைக் குடும்பத்தின் பட்டியலைப் புரட்டிப்போடக் கூடியவை. இதனைப் பாவனையாளருக்கு எளிய தமிழில் விளக்கியிருக்க வேண்டியவர்கள் போதியளவு விளக்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

ஏனைய நம்பிக்கைகளும் உள்ளன. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி மனிதரையே குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண். பழைய கம்பிச்சுருள் ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால், மிச்சமாவதில் ஒரு பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிப் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியை இரவில் நிறுத்தி வைப்பதால் கிடைக்கும் மிச்சம் அற்பம். காலையில் அது மீண்டும் குளிர நீண்ட நேரம் இயங்க வேண்டும். கடற்றொழிலாளர் வீட்டில் மீன் பழுதானால் அது வேறு நட்டம். கிணற்று மோட்டரின் புட்வால்வு கசிந்தால் நீரேறத் தாமதமாகி மோட்டர் வீணே ஓடும். அதை யாரும் பார்ப்பதில்லை.

எந்த நேரத்தில் சேமித்தாலும் ஒன்றுதான் என்பதும் சரியல்ல. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையே நாட்டின் மின்தேவை உச்சத்தை அடைகிறது. சாதாரண வீட்டுப் பட்டியலில் நேரத்துக்கேற்ற வேறுபாடு இல்லாவிடினும், அவ்வேளையில் எரிபொருள் எரித்தே பற்றாக்குறையை ஈடுசெய்ய வேண்டியுள்ளது. ஆகவே இப்தாருக்குப் பிந்திய தொழுகைக்கோ மறுநாள் பாடசாலைக்கோ உரிய உடுப்புகளைப் பகலிலேயே, ஒரே தடவையில் அழுத்தி வைப்பது நன்று. மறுபுறம், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் வேளையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததே காரணம்.

கூரையில் தகடு பொருத்திவிட்டால் மின்வெட்டே இராது என்று கடன்பட்டவர்களும் நம்மிடையே உளர். மின்கலம் இன்றி வலையமைப்புடன் இணைக்கப்பட்ட தொகுதி, கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக் கருதி, மின்சாரம் தடைப்பட்டதும் தானாகவே நின்றுவிடும். 2022 மார்ச் 31 இல் அறிவிக்கப்பட்டதைப் போன்ற 13 மணி நேர மின்வெட்டு மீண்டும் வந்தால், உச்சி வெயிலிலும் அவ்வீடுகளுக்கு மின்சாரம் இராது. விற்பனையாளர்கள் இதனை முற்பணம் பெறுமுன்னரே சொல்ல வேண்டும்.