ஏரியலும் கிணறும்

எண்பதுகளின் இறுதியில் நாம் ஆம்பூரில் சிறுவராய்த் திரிந்தபோது, தெருவில் அம்பாசிடர் ஒன்று வந்து நின்றால் முதலில் கண்ணில் படுவது அதன் ஏரியல் கம்பிதான். ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கிய குழாய்களை இழுத்து நீட்டுவதும், ஓட்டுநர் அதட்டியவுடன் உள்ளே அழுத்திவிட்டு ஓடுவதும் அன்றைய வீரச்செயல்கள். பம்பர், வீல் கப் என அவ்வண்டியில் மின்னியவற்றிலெல்லாம் நம் முகம் கோணலாய்த் தெரியும்.

கருவி என்ற அளவில் அக்கம்பி எளியதே. சென்னை 'ஏ' நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 416 மீட்டர் நீளமுடையது. கம்பியோ ஒரு மீட்டர் அளவுதான். அதனால் கம்பிக்கும் பெட்டிக்கும் இசைவு காண, வானொலிப் பெட்டியில் ஒரு சிறு திருகு வைத்திருந்தார்கள். இன்று ஏரியல் கூரைமேல் சுறாத்துடுப்பாய்ச் சுருங்கிவிட்டது. பழைய கம்பியை எண்ணி ஏங்கும் கட்டுரைகள் பெருகிவிட்டன.

அவ்வேக்கம் நமக்கும் உண்டு. ஆயினும் அது பாதி நினைவே என்பது நம் கருத்து.

அந்தப் பளபளப்பின் பெயர் குரோமியம். நம் பகுதித் தொழிற்கூடங்களில் தோலைப் பதப்படுத்தும் உப்பும் அவ்வுலோகத்தினுடையதே. அது ஏறிய தோல் இளநீலமாகும், 'வெட் புளூ' என்பர். தோலில் ஏறாமல் எஞ்சியது கழிவுநீரோடு பாலாற்றுப் பக்கம் போயிற்று. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாலாற்று மாசுக்கான இழப்பீடு குறித்து 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

தோல் தொழில் நமக்குச் சோறிட்டது. நம்மில் பலரைப் படிக்கவைத்ததும் அதுவே. அதை மறந்து பேசுவது நன்றியன்று. ஆனால் வெட் புளூ தோலைச் சுமந்த கைகள் அந்த அம்பாசிடரின் கதவைத் திறந்ததில்லை. நம் வீட்டுக் கிணறு உப்பேறிக் கைவிடப்பட்டதும் நாம் ஏரியலை இழுத்து விளையாடிய அதே ஆண்டுகளில்தான். பழைய வண்டிகளைப் பற்றி எழுதும் நண்பர்கள் அக்கிணற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும்.