மறுபடியும் ராமேசுவரமா? அளந்து செலவு செய்யுங்கள்!

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். கடலைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால், "மறுபடியும் ராமேசுவரம் போவோம்" என்று குழந்தைகள் கேட்கிறார்கள். கேட்பதில் தவறு இல்லை. ஒரு முறை பார்த்தவர்களை மீண்டும் இழுக்கும் தீவு அது. சுற்றிலும் கடல். நடுவே நீண்ட பிரகாரங்களோடு பெரிய கோவில். ஒரு கோடியில் தனுஷ்கோடி மணல்.

ஆனால் நாலு நாள் சுற்றிவிட்டு, நாலு மாதம் வட்டி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போவது உல்லாசப் பயணம் ஆகுமா?

பழைய கணக்கை எடுங்கள்

இரண்டாம் முறை போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. போன முறை பணம் எங்கே போனது என்பது அவர்களுக்குத் தெரியும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து அதை ஒரு தாளில் எழுதுங்கள். அவசியமான செலவு எது, குறைக்கக் கூடியது எது, வீண் செலவு எது என்று பிரியுங்கள். குழந்தைகளும் பக்கத்தில் இருக்கட்டும். அவர்களுக்கு அது நல்ல பாடம்.

எதைக் குறைக்கலாம்?

1914-ம் ஆண்டு திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022-ம் ஆண்டு டிசம்பரில் ரெயில் நின்றது. பிறகு 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. இப்போது ரெயில் தீவுக்குள்ளேயே போகிறது. முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால், வாடகைக் கார் செலவு மிச்சம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கூட்டம் அலைமோதும். அறை வாடகையும் ஏறும். நேர்த்திக்கடன் இல்லாதவர்கள் சாதாரண நாளில் போகலாம். தனுஷ்கோடிக்கு அரசு பஸ் இருக்கிறது. கோவிலில் 22 தீர்த்தங்களில் நீராடச் சீட்டு கொடுக்கிறார்கள். கட்டணத்தை விசாரித்துச் சீட்டு வாங்கிக்கொண்டால், பேரம் பேசி ஏமாற வேண்டியதில்லை.

எதைக் குறைக்கக் கூடாது?

1964-ம் ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த ரெயிலையே கடல் கொண்டு போயிற்று. அந்த மணலில்தான் இன்றும் மீனவர்கள் கடை போட்டுப் பிழைக்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நமக்கு விடுமுறைக் காலம். அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம். ஓட்டலில் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, ஓலைப்பெட்டி விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவது சிக்கனம் அல்ல.

ஆனால் ஒன்று. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை போன்றவற்றை யார் மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவை தடை செய்யப்பட்டவை. பணமும் போகும், வழக்கும் வரும். பவளப்பாறை அழிந்தால் அதை நம்பி வாழும் மீனும் குறையும். கருவாடும் பனை ஓலைப் பொருளும் வாங்கி வந்தால் நமக்கும் பயன், அவர்களுக்கும் பிழைப்பு.

பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்கும் குழந்தைகளைக் கூட்டிச் செல்லுங்கள். படகோடும் தீவில் பிறந்த பையன் ஜனாதிபதி ஆன கதையை அங்கே சொல்லுங்கள். அது படிப்புச் செலவு.

இன்றே தொடங்குங்கள்

வீட்டில் ஓர் உண்டியல் வையுங்கள். மாதம் 500 ரூபாய் போட்டால், ஆண்டு முடிவில் 6 ஆயிரம் ரூபாய் சேரும். உண்டியல் நிறைந்த பிறகு புறப்படுங்கள். நிறையாவிட்டால் ஓர் ஆண்டு பொறுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.

கடன் இல்லாமல் போய், கடன் இல்லாமல் திரும்புகிறவர்கள்தான் மூன்றாம் முறையும் சிரித்துக்கொண்டே போக முடியும்.