பள்ளிக்கரணையும் ஆழ்கடல் உரிமையும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் செல்வோர் மேடவாக்கத்தைக் கடந்ததும் பள்ளிக்கரணையில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கக் கூடும். 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அது. பணியில் இருந்த காலத்தில் நான் அந்தச் சாலையில் எண்ணற்ற முறை சென்றிருக்கிறேன். "கடலே கண்ணில் படாத இடத்தில் கடலுக்கு எதற்கு ஐயா அலுவலகம்?" என்று உடன் பயணித்த மாணவர் ஒருவர் கேட்டபோது, பொருளாதார ஆசிரியனான என்னிடம் உடனடி விடையில்லை. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கான விடை கடலில் மட்டுமன்றி, ஐ.நா.வின் மாநாட்டு அரங்கிலும் இருக்கிறது.

1967 நவம்பர் 1-ஆம் தேதி ஐ.நா.வில் மால்டா என்ற சின்னஞ்சிறு நாட்டின் தூதர் அர்விட் பார்டோ நீண்ட உரையொன்றை ஆற்றினார். எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத ஆழ்கடல் தரை மனிதகுலம் முழுமைக்கும் பொதுச்சொத்தாக வேண்டும் என்பது அவரது வாதம். பதினைந்து ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1982-இல் கடல் சட்ட உடன்படிக்கை உருவானது. ஆழ்கடல் ஆய்வில் ஏற்கெனவே முதலீடு செய்தோருக்கு 'முன்னோடி முதலீட்டாளர்' என்ற தகுதியை அதனுடன் இணைந்த தீர்மானம் வழங்கியது. அதில் பெயர் சுட்டப்பட்ட நாடுகள் நான்கு: பிரான்ஸ், ஜப்பான், சோவியத் யூனியன், இந்தியா.

அந்த வரிசையில் இந்தியா இடம்பெற்றது தற்செயலன்று. 1981 ஜனவரி 26-ஆம் தேதி 'கவேஷணி' என்ற நமது ஆய்வுக் கப்பல் கடலடியிலிருந்து உலோக முடிச்சுகளை முதன்முறையாக எடுத்து வந்தது. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் கலந்த, உருளைக்கிழங்கு போன்ற கட்டிகள் அவை. கையில் அந்தக் கட்டிகள் இருந்ததால்தான் நமது தூதர்களால் மேசையில் உரிமையோடு பேச முடிந்தது. அவர்கள் பேசிப் பெற்ற உரிமையால்தான் விஞ்ஞானிகளுக்கு ஆய்வு செய்யக் கடல் கிடைத்தது. 1987-இல் முதல் முன்னோடி முதலீட்டாளராக இந்தியா பதிவு பெற்றது. 2002-இல் சர்வதேச கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்கான ஆய்வுப் பரப்பு 75,000 சதுர கி.மீ.; தமிழகத்தின் பரப்பில் பாதிக்கும் அதிகம். அங்கு சுமார் 38 கோடி டன் முடிச்சுகள் இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது.

ஆனால், ஐந்தாயிரம் மீட்டருக்குக் கீழே இருப்பதை ஆவணம் மட்டும் மேலே கொண்டு வந்துவிடாது. கடல் தரையில் ஊர்ந்து செல்லும் இயந்திரத்தை ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கியது பள்ளிக்கரணை நிறுவனம். 6,000 மீட்டர் ஆழத்துக்கான ஆளில்லா நீர்மூழ்கியில் ரஷிய வடிவமைப்பு நிறுவனம் பங்காளியானது. 2010-இல் அது 5,289 மீட்டரைத் தொட்டது. 2021-இல் 'வராஹா' என்ற ஊர்தி 5,270 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் நகர்ந்தது. மூன்று பேரைச் சுமக்கவிருக்கும் 'மத்ஸ்யா-6000' இப்போது உருவாகி வருகிறது. அதற்கான பயிற்சியாக 2025 ஆகஸ்டில் பிரான்ஸின் 'நாட்டில்' நீர்மூழ்கியில் இந்தியர் இருவர் அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கினர். அவர்களில் ஒருவர் 5,002 மீட்டர் ஆழம் வரை சென்றார்.

இதில் ஒரு முரண் உண்டு. ஆழ்கடல் சுரங்கத்தை முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்று 2022-இல் உலக அரங்கில் அறிவித்த நாடு பிரான்ஸ். அதே ஆண்டில் 'முன்னெச்சரிக்கை இடைநிறுத்தம்' கோரியது ஜெர்மனி. நமக்குத் தொழில்நுட்பத்தில் கைகொடுத்த நாடுகள், அத்தொழில்நுட்பத்தின் வணிகப் பயன்பாட்டை எதிர்க்கின்றன. இதைச் சிலர் இரட்டை வேடம் என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. கொள்கையில் வேறுபட்டாலும் ஆய்வகக் கதவை மூடாமல் வைத்திருப்பதே அறிவியல் தூதாண்மையின் தேர்ந்த வடிவம்.

கதவு மூடப்பட்டால் என்னாகும் என்பதையும் இதே தென்சென்னைக்குத் தெற்கே கண்டிருக்கிறோம். கல்பாக்கத்தின் சோதனை அதிவேக ஈனுலை பிரான்ஸின் உதவியோடு திட்டமிடப்பட்டது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின்னர் எரிபொருள் வருவது நின்றது. நமது விஞ்ஞானிகள் யுரேனியம்-புளூட்டோனியம் கார்பைடு எரிபொருளைத் தாங்களே உருவாக்கினர். 1985 அக்டோபரில் அணு உலை இயங்கத் தொடங்கியது. இதைத் தற்சார்பின் வெற்றியாக மட்டுமே கொண்டாடுகிறோம். இழந்த ஆண்டுகளுக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பொருளாதாரம் படித்தவன் மறக்கலாகாது.

இப்போதைய சிக்கல் இன்னும் கடினமானது. கடல் சட்ட உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா, 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆணையின் மூலம் சர்வதேச ஆணையத்தைப் புறந்தள்ளி ஆழ்கடல் சுரங்கத்துக்குத் தானே உரிமம் வழங்க முற்பட்டுள்ளது. மறுபுறம் 30-க்கும் மேற்பட்ட நாடுகள் தடையோ இடைநிறுத்தமோ கோருகின்றன. அப்பட்டியலில் இந்தியா இல்லை. நமது உரிமை முழுவதும் அந்த ஆணையத்தின் ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது என்பதால், ஆணையம் வலுவிழந்தால் முதலில் நட்டப்படுவோரில் நாமும் ஒருவர். அமெரிக்க வழியை இந்தியா வெளிப்படையாக எதிர்ப்பது நமது சொந்த நலனுக்கே தேவை.

சுரங்கத்தைப் பொருத்தவரை என் நிலைப்பாடு அவசரத்துக்கு எதிரானது. முடிச்சுகள் வளர லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் மீது வாழும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயர்கூடச் சூட்டப்படவில்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலம் குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் சுருங்கிய பிறகுதான், 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் அதைச் சேர்த்தோம். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தென்புறநகர்வாசிகளுக்கு அந்தத் தாமதத்தின் பொருள் தெரியும்.

இரு முறை ஐந்தாண்டுகளாக நீட்டிக்கப்பட்ட நமது 2002 ஒப்பந்தம் 2027 மார்ச் மாதத்தில் நிறைவடைகிறது. மேலும் நீட்டிப்புக் கோருவதா, அகழ்வு உரிமம் கேட்பதா, இருபதாண்டுகளுக்கும் மேலாகத் திரட்டிய சுற்றுச்சூழல் தரவுகளைப் பிற நாட்டு ஆய்வாளர்களுக்கு முழுமையாகத் திறந்துவைத்து நம்பிக்கையைச் சம்பாதிப்பதா என்பதை தில்லி முடிவு செய்தாக வேண்டும். மூன்றாவதை முதலாவதுடன் சேர்த்துச் செய்யலாம் என்பது என் கருத்து. அதற்குக் கடல் உயிரியலும் சட்டமும் ஒருங்கே அறிந்த சிலரை, ஆணையத்தின் தலைமையகம் உள்ள ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கு, கூட்டத்தொடர் நடக்கும் சில வாரங்களுக்கு மட்டுமன்றி ஆண்டு முழுவதும் அங்கே இருக்குமாறு அனுப்ப வேண்டும்.