உங்க டெர்மினலுக்கு பனவடலிசத்திரம் தெரியுமா?

டெவலப்பர் என்று சொல்லிக்கொள்கிற நாலு பேரை ஒரு டீக்கடையில் உட்கார வைத்துப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். ஒருத்தர் ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்பார். இன்னொருத்தர் ஃபிரா கோடு என்பார், சமக்குறியையும் பெரிதுக்குறியையும் ஒட்டி அம்பாகக் காட்டும் அழகுக்காக. மூன்றாமவர் கன்சோலாஸை விட்டு நகரமாட்டார். பேச்சு டெர்மினல் பக்கம் திரும்பினால் அலாக்ரிட்டி வேகமா, கிட்டி வேகமா, 2024 டிசம்பரில் வெளியான கோஸ்டி வேகமா என்று மில்லிசெகண்டு கணக்கு ஓடும். பூஜ்யத்துக்கு நடுவில் புள்ளியா, குறுக்குக்கோடா என்பதற்கு மட்டும் தனியாக அரை மணி நேரம்!

நாலு பேரும் தமிழர்கள். ஆனால் இத்தனை ஆராய்ச்சியிலும் ஒரு கேள்வி மட்டும் வராது: அந்தக் கருப்புப் பெட்டிக்குள் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?

ஒரு சின்ன சோதனை போதும். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் என்று ஊர்கள் வரும். இந்தப் பெயர்களை ஒரு கோப்பில் போட்டு, பக்கத்தில் ஆளுக்கொரு எண் போட்டு, டெர்மினலில் அட்டவணையாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலான டெர்மினல்களில் எண்கள் நேர்கோட்டில் நிற்காது. சிலவற்றில் எழுத்தே பிய்ந்து போகும். எக்ஸ்டெர்ம் மாதிரி பழைய பெருசுகளிடம் கொடுத்தால் 'தே'யின் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. 1978ல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 காலத்து 80 கட்டம், 24 வரிக் கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு குறியீட்டுக்கு எத்தனை கட்டம் என்று சொல்வதற்கு டபிள்யூசிவிட்த் என்று ஒரு செயல்பாடு உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த மார்க்கஸ் கூன் எழுதிய அதன் ஒரு வடிவத்தைத்தான் ஏகப்பட்ட டெர்மினல்கள் நகலெடுத்தன. அதன்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம். சீன எழுத்துக்கு இரண்டு. எழுத்தின் மேல் உட்காரும் குறிக்குப் பூஜ்யம். மற்ற துணைக்குறிகளுக்கு ஒன்று.

தமிழ் மாட்டிக்கொண்டது இங்கேதான். யுனிகோடு பட்டியலில் புள்ளியும் ஈகாரக் குறியும் 'இடம் பிடிக்காதவை'. இகரம், உகரம், ஊகாரம், கால், கொம்பு எல்லாம் 'இடம் பிடிப்பவை'. விளைவு? 'கீ'க்கு ஒரு கட்டம், 'கி'க்கு இரண்டு கட்டம்! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தவர்களுக்கு இது தலைகீழ் இலக்கணம். ஒரே வடிவமாக எழுதப்படும் 'கு'வுக்கும் இரண்டு கட்டம்.

பனவடலிசத்திரத்தையே எண்ணலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணினால் 10 எழுத்து. யுனிகோடு எண்ணினால் 14 குறியீடு. யுடிஎஃப்-8ல் சேமித்தால் 42 பைட். டெர்மினலின் பழைய கணக்கில் 12 கட்டம். இது போதாதென்று, பைத்தானில் இதே வேலையைச் செய்யும் நூலகம் 2023ல் வந்த 0.2.9 பதிப்பில் தமிழ்த் துணைக்குறிகளின் அகலத்தைப் பூஜ்யமாக்கியது. அந்தக் கணக்கில் 10 கட்டம். நிரல் ஒரு கணக்குப் போட்டு, டெர்மினல் இன்னொரு கணக்குப் போட்டால் வரி எப்படி நேராக நிற்கும்?

கிட் இன்னும் ஒரு படி மேல். இந்தப் பெயரில் ஒரு கோப்பு வைத்து 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தால் ஊர்ப் பெயருக்குப் பதிலாக 340, 256, 252 என்று மூன்றிலக்க எண்களாகக் கொட்டும். மொத்தம் 42 எண்கள். கோர்.கோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும். ஆனால் அது அணைக்கப்படாமல்தான் கைக்கு வருகிறது.

உடனே ஒரு குரல் வரும்: "கோடு இங்கிலீஷ்லதானே எழுதறோம், டெர்மினல்ல எதுக்குத் தமிழ்?"

கோடு இங்கிலீஷாக இருக்கலாம். தரவு இங்கிலீஷ் இல்லையே. வாக்காளர் பட்டியலில் இருப்பது தமிழ்ப் பெயர். ரேஷன் கார்டில் இருப்பது தமிழ்ப் பெயர். டேட்டாபேஸில் ஒரு வரியைத் தேடிச் சரிபார்க்கிற ஆளுக்கு அந்தப் பெயர் பிய்ந்து தெரிந்தால், தப்பு தரவில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் பல பேர் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஒரே ஊர் நாலு எழுத்துக்கூட்டலில் நாலு ஊராகிறது.

அடுத்த குரல்: "எல்லாம் யுனிகோடு செய்த சதி." தமிழக அரசு 2010ல் ஏற்றுக்கொண்ட டேஸ்16 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உண்டு, உண்மைதான். ஆனால் அது யுனிகோடின் தனிப்பயன் பகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தனிக் குறியீடு கிடைத்தாலும் 'ர'வுக்கும் 'ணோ'வுக்கும் எத்தனை கட்டம் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். கேள்வி குறியீட்டைப் பற்றியது அல்ல, அகலத்தைப் பற்றியது.

மூன்றாவது குரல்தான் ஆபத்தானது, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கும்: "தமிழ் எழுத்து சம அகலக் கட்டத்துக்குள் அடங்காது." அடங்கியிருக்கிறதே! யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். புள்ளி போன்ற குறிகளை அடித்தால் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் விழும். சின்ன ஊர்களில்கூட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்து, லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதி, அந்த இரும்புப் பெட்டியில் தமிழ்நாட்டு அலுவலகங்களே ஓடின. இரும்பு வளைந்து கொடுத்தது. மென்பொருள் வளையாதாம்!

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ரெட்ஹேட்டின் லோகித் தமிழ், கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். எழுத்தைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் நூலகமும் இலவசம். ஃபிரா கோடில் இரண்டு குறிகள் ஒட்டி அம்பாவது எந்த வித்தையோ, 'கொ' சரியாக வருவதும் அதே வகை வித்தைதான். அம்புக்காகச் சண்டை போடுகிறவர் கொம்புக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஃபிரா கோடு, ஜெட்பிரெயின்ஸ் மோனோ, கன்சோலாஸ் மூன்றிலும் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. நோட்டோ சான்ஸ் மோனோவிலும் கிடையாது. திரையில் தெரிவது கணினி எங்கிருந்தோ இரவல் வாங்கி வருகிற எழுத்து.

மாற்றம் வராமலும் இல்லை. பல குறியீடுகள் சேர்ந்து ஒரே எழுத்து என்று கணக்கிடும் விதியை யுனிகோடு எப்போதோ வகுத்துவிட்டது. அந்த விதிப்படி 'சத்திரம்' ஐந்தே எழுத்து. டெர்மினல்கள் இப்போதுதான் அதைக் கையில் எடுக்கின்றன, அதுவும் பெரும்பாலும் இமோஜிக்காக. கலிபர் மென்பொருளை எழுதிய கோவித் கோயலின் கிட்டி, 2025ல் வந்த 0.40 பதிப்பில், ஒரு துண்டு எழுத்துக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்று நிரலே டெர்மினலுக்குச் சொல்ல வழி செய்தது. நிரலும் டெர்மினலும் ஒரே கணக்குக்கு வர வேண்டும் என்பதுதானே பிரச்சினை? அதற்கான சரியான பாதை இது.

ஆனால் பாதை போட்டால் போதுமா, பஸ் ஓட வேண்டாமா? ஜப்பான்காரர்கள் தங்கள் எழுத்து ஒழுங்காக வர வேண்டும் என்று எம்எல்டெர்ம் செய்தார்கள், அதில் இந்திய எழுத்துகளுக்கும் இடம் கொடுத்தார்கள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலேயே ஜோஹோ இருக்கிறது. மென்பொருள் வேலை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. மாவட்டத்தின் எழுத்து இன்னும் டெர்மினலுக்குள் போகவில்லை. முழுமையாகச் சோதித்த, கட்டக் கணக்குக்கு அடங்கும் ஒரு நல்ல தமிழ் நிரல் எழுத்துருவைச் செய்வது ஒரு கல்லூரி புராஜெக்டுக்குத் தகுந்த வேலை. இன்னொரு நூலக மேலாண்மை அமைப்பைவிட நிச்சயம் உருப்படியான வேலை :-)

அதுவரைக்கும் செய்ய வேண்டியவை மூன்றுதான். டெர்மினல் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள், வேகத்தை அப்புறம் அளக்கலாம். கிட்டி மாதிரி வசதி இருக்கும் இடத்தில் தமிழ்க் குறியீடுகளுக்கென்று ஒரு நல்ல எழுத்துருவை நீங்களே ஒதுக்குங்கள். உடைந்து தெரிந்தால் படம் பிடித்து அதன் ஆசிரியர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்புங்கள். தமிழ் தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருளில் 'கு' இரண்டு கட்டம் பிடித்தால் அது அவருக்குப் பிழையாகத் தெரியவே தெரியாது. தெரிந்தவர் வாய் திறக்காமல் பூஜ்யத்துக்குள் புள்ளி தேடிக்கொண்டிருந்தால், குற்றம் மென்பொருளின் மேல் இல்லை.