தலையெழுத்தா, தடுப்புக் கட்டையா?

மாதவரத்திலிருந்து மணலிக்கோ எண்ணூருக்கோ சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒரு தொழிலாளி லாரியில் அடிபட்டு மாண்டால் நம் ஜனங்கள் சொல்லும் முதல் வார்த்தை, “அவன் தலையெழுத்து” என்பதாகும். இரண்டாவது வார்த்தை, “புறப்பட்டபோதே சகுனம் சரியில்லை” என்பதாகும். மூன்றாவது வார்த்தை கிடையாது. தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் பிறகு சாலை போட்டவர்களையும், அதற்கு வரி வாங்கினவர்களையும் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லையல்லவா?

2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இத்தனை பேர் தலையிலும் ஒரே மாதிரி எழுதின அந்தப் பிரமன் எவ்வளவு கருணையுள்ளவன் என்பதைப் பக்தர்களே சொல்லட்டும்.

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாய்ப் போகும் சாலையைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள். நடுவில் துறைமுகத்து கன்டெய்னர் லாரிகள். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குச் சர்க்கார் இலவசமாய்ச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் பிள்ளை அதை எங்கே ஓட்டுவது?

லாரியின் இடப்பக்கம் ஒட்டிவரும் சைக்கிள் டிரைவரின் கண்ணுக்குப் படாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நான்கு மடங்காகும். இது விதியல்ல, கணக்கு. சக்கரத்தின் கீழ் வைக்கும் எலுமிச்சம்பழம் இந்தக் கணக்கை மாற்றாது. ஆயுதபூஜையன்று நடுரோட்டில் உடைக்கும் பூசணிக்காயோ, திருஷ்டியைக் கழித்ததோ இல்லையோ, பின்னால் வருகிறவனை வழுக்கி விழச் செய்கிறது.

ஹாலந்து தேசத்தில் 1971-இல் சாலையில் செத்தவர்கள் 3,000 பேருக்கு மேல். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். அந்நாட்டுப் பெற்றோர்கள் “ஆண்டவன் சித்தம்” என்று அழுதுவிட்டு உட்காரவில்லை. “குழந்தைக் கொலையை நிறுத்து” என்று வீதிக்கு வந்தார்கள். மோட்டாரின் வேகம் குறைக்கப்பட்டது. சைக்கிளுக்குத் தனி வழிகள் போடப்பட்டன. இன்று அங்கே ஆண்டுச் சாவு அன்றிருந்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்டவன் சித்தம் மாறியதா, மனிதன் புத்தி மாறியதா?

நம் ஊரிலும் காகிதத்தில் குறைவில்லை. மாதவரம், மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகியவை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. அந்த மாநகராட்சியே 2014-இல், போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிடுவதென்று கொள்கை வகுத்தது. 2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கு அகலமான பாதை கிடைத்தது. சந்தோஷமே. வடசென்னைத் தொழிலாளியின் பங்கு எங்கே என்று கேட்கின்றோம்.

“தனி வழி கேட்பது தீண்டாமை போலாகாதா?” என்று சிலர் கேலி செய்யக்கூடும். 1924-இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். அங்கிருந்த தடை எளியவனை வெளியே தள்ளுவதற்காகப் போட்டது. நாம் கேட்கும் தடுப்போ, வலியவன் எளியவன்மேல் ஏறாதிருப்பதற்காக.

“இடமில்லை” என்பார்கள். வேலையின்றி நிற்கும் லாரிக்கு ரோட்டோரத்தில் இடமிருக்கிறது. பொதுத் தெருவில் அனுமதியின்றிக் கோவிலோ மசூதியோ சர்ச்சோ கட்ட விடக்கூடாதென்று 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்ட பின்னும் சாமிக்கு இடம் கிடைக்கிறது. உழைக்கிறவனுக்கு மாத்திரம் இடமில்லையா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கடலோரச் சாலையின் இரு பக்கமும் இரண்டு மீட்டர் அகலத்தில் சைக்கிள் வழி, அதற்கும் லாரிக்கும் இடையில் சிமெண்டுத் தடுப்புக் கட்டை, இரவில் விளக்கு. வெறும் வெள்ளைக் கோடு வேண்டாம். ரோட்டில் கோடு போடுவது நெற்றியில் நாமம் போடுவதைப் போன்றதே. இரண்டும் லாரியை நிறுத்தா.

தோழர்களே! அடுத்த சாவுக்குத் தேங்காய் உடைத்துக் காத்திராமல், இன்றே உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.